சேலத்தில் இருந்துகொண்டு சுற்றுச்சூழல் வரலாறு படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

அழகாபுரம் வாசகர்

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டம் இதுவரை நாவல், சிறுகதை என்றே ஓடிக்கொண்டிருந்தது. வருகிற ஆண்டு முழுக்கச் சுற்றுச்சூழல் வரலாறு படிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பறவைக் கையேடு, காட்டில் புலி பார்த்த அனுபவம் எல்லாம் வேண்டாம். மனிதர்கள் மண்ணையும் நீரையும் காட்டையும் என்ன செய்தார்கள், அதனால் யார் வாழ்க்கை எப்படி மாறியது என்று ஆதாரத்தோடு பேசும் புத்தகங்கள் வேண்டும்.

இப்போதைக்குக் கையில் இருப்பவை: ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’, ஆல்ஃபிரட் கிராஸ்பியின் ‘எகலாஜிகல் இம்பீரியலிசம்’, வில்லியம் கிரோனனின் ‘சேஞ்சஸ் இன் த லேண்ட்’, ஜாரெட் டயமண்டின் ‘கொலாப்ஸ்’, மாதவ் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும் சேர்ந்து எழுதிய ‘திஸ் ஃபிஷர்டு லேண்ட்’, அமிதாவ் கோஷின் ‘த கிரேட் டிரேஞ்ச்மென்ட்’.

வட்டத்தில் பாதிப் பேர் ஆங்கிலத்தில் படிக்கச் சங்கடப்படுவார்கள். அவர்களுக்கு யாராவது ஒருவர் படித்து வந்து சொல்வதாக ஏற்பாடு. எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

செவ்வாய்பேட்டைக்காரன்

முதலில் டயமண்டை எடுத்துவிடுங்கள். படிக்க விறுவிறுப்பாக இருக்கும், அதுதான் சிக்கலே. பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்காரர்கள் இருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள் என்பது அவர் சொல்லும் கதை. இதை மறுத்து டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற தொல்லியலாளர்கள் 2011-இல் தனிப் புத்தகமே எழுதினார்கள். தீவில் முதலில் குடியேறியவர்களின் படகுகளோடு வந்த எலிகள் மரங்களின் கொட்டைகளைத் தின்று புதுக்கன்று முளைக்க விடாமல் செய்ததும் காடு போனதற்குக் காரணம் என்கிறார்கள். 1862-இல் பெருவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் தீவு ஜனங்களை அடிமைகளாகப் பிடித்துப்போனார்கள். திரும்பி வந்த கொஞ்சப் பேரோடு அம்மையும் வந்தது. இதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு “மரத்தை வெட்டினான், செத்தான்” என்று சொல்வது சுலபம். வட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

அந்த இடத்தில் மைக் டேவிஸ் எழுதிய ‘லேட் விக்டோரியன் ஹாலோகாஸ்ட்ஸ்’ புத்தகத்தைப் போடுங்கள். 2001-இல் வந்தது. அதில் நம் ஊர் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை அடித்த பஞ்சம், நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது. மழை பொய்த்ததற்குப் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ காரணம் என்பதை அறிவியலோடு சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல் மேலே போகிறார். தானியம் ரயிலேறி எங்கே போனது, விலையில் கைவைக்க மாட்டேன் என்று அரசாங்கம் ஏன் அடம்பிடித்தது என்று தேடிப்போகிறார். 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைக்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு அரிசி போதும் என்று கூலியைக் குறைத்தார். நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் கீழே. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் பிழைக்கப் போதாது என்று சண்டை போட்டார். அந்தச் சண்டையைப் படித்தாலே ஒரு கூட்டம் ஓடிவிடும்.

சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் 19,66,995. 1881-இல் 15,99,595. கூடவேண்டிய பத்தாண்டில் 3,67,400 பேர் குறைவு. எல்லோரும் செத்தவர்கள் என்று சொல்ல முடியாது, பஞ்சம் பிழைக்க ஊரை விட்டுப் போனவர்களும் இதில் அடக்கம். ஆனால் எந்தக் கட்டுரைத் தொகுப்பிலும் இதைப் பற்றி நாம் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தாரமங்கலத்தான்

பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் கிரோனன் சொல்லும், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் வேலி போட்ட கதையைப் படிக்கிற அளவுக்கு, கஞ்சமலையில் என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலை அடிவாரத்தில் என் மாமா தோட்டம் இருக்கிறது. ஏர் ஓட்டும்போது கறுப்புக் கட்டிகள் அகப்படும். ஒரு பக்கம் பொத்தல் பொத்தலாக இருக்கும், இன்னொரு பக்கம் உருகி வழிந்து உறைந்த பளபளப்பு. கையில் எடுத்தால் அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். மாமா வரப்பு ஓரமாகப் போட்டு வைத்திருப்பார். இரும்புக் கிட்டம் அது. மண் உலையில் கரியும் தாதுவும் அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, இரும்பு எடுத்தபின் மிஞ்சிய கசடு. கஞ்சமலையில் மேக்னடைட் தாது தரைக்கு மேலேயே கிடக்கும், தோண்டவே வேண்டாம். ஆகவே இங்கே தட்டுப்பாடு தாதுவுக்கு இருந்ததில்லை. எரிக்கிற கரிக்குத்தான்.

இதே இடத்தில்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் வருகிறார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை போட்டார். தாது சேலத்திலிருந்து போயிற்று. பிறகு கேரளத்துப் பேப்பூர், திருவண்ணாமலை, நம் காவிரிக்கரைப் பூலாம்பட்டி என்று கிளைகள். அதற்குள் இங்கிலாந்து உலைகள் நிலக்கரியிலிருந்து எடுக்கும் கோக்குக்கு மாறிவிட்டன. இவருக்கு இங்கே நிலக்கரி இல்லை, மரக்கரி ஒன்றுதான் கதி. அதனால் சுற்றுவட்டாரக் காடுகளில் மரம் வெட்டச் சலுகை வாங்கினார். நாட்டு உலைக்காரர் விறகுக்குப் போன அதே காடு. ஆலை கடைசிவரை தள்ளாடியே நடந்தது, 1870-கள் முடிவதற்குள் எல்லாக் கிளைகளும் மூடியாயிற்று. அவர் பிறகு இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கியது தனிக்கதை.

கஞ்சமலை இரும்பை நம்பித்தான் சேலத்துக்கு உருக்காலை கேட்டோம். 1970-இல் அடிக்கல் நாட்டினார்கள். கடைசியில் வந்தது வெளியிலிருந்து எஃகு கொண்டுவந்து துருப்பிடிக்காத தகடாக உருட்டும் ஆலை. தாது இன்னும் மலையிலேயே இருக்கிறது. இந்த முழுக்கதையையும் ஒரே புத்தகமாகத் தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள், சொல்லுங்கள்?

அம்மாபேட்டை ஆசிரியை

நீங்கள் எல்லோரும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறீர்கள். நிலத்தை வைத்தே வாழ்க்கையைப் பகுத்தவர்கள் நாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலமும் பொழுதும் மரமும் பறவையும் தொழிலும் ஒன்றோடொன்று கோத்தே கவிதை எழுதினார்கள். சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையில் வருகிறது:

“முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்”

நிலம் தன் இயல்பை இழந்தால் பாலையாகும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சூழலியல் புத்தகம் சொல்லியிருக்கிறது? முதல் மாதம் சங்க இலக்கியம் வையுங்கள். இயற்கையோடு ஒட்டி வாழ்ந்த மரபு ஒன்று இருந்தது என்பது தெரிந்தால்தான் பிறகு என்ன இழந்தோம் என்று புரியும்.

செவ்வாய்பேட்டைக்காரன்

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மூன்று வரி இல்லாமல் நம் ஊரில் எந்தச் சுற்றுச்சூழல் மேடையும் ஆரம்பிப்பதில்லை. பட்டினப்பாலை வரியை மட்டும் யாரும் சொல்வதில்லை. “காடு கொன்று நாடாக்கிக் குளந்தொட்டு வளம் பெருக்கி.” கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைத் திட்டவில்லை, புகழ்கிறார். காட்டை அழித்து ஊராக்கியது அரசனுக்குப் பெருமை. இயற்கையோடு ஒட்டி வாழ்ந்தோம் என்றால், அந்தக் காட்டில் அதுவரை இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி வருமா இல்லையா?

அம்மாபேட்டை ஆசிரியை

கோபம் எதற்கு? அந்த வரியை வகுப்பில் நடத்துகிறவள் நான். ஆனால் பாதியை வாசித்துவிட்டு நிறுத்தக்கூடாது. குளந்தொட்டு என்பதும் அதே மூச்சில் வருகிறது. காட்டை எடுத்தவன் ஏரி வெட்டியே ஆகவேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நம் பக்கத்தில் காட்டை எடுத்தவர்கள் ஏரியையும் சேர்த்தல்லவா எடுத்தார்கள்? சேலம் நகருக்குள் பேருந்து நிற்கிற இடம், கட்டடம் நிற்கிற இடம் எவை எவை ஏரி என்று வயதானவர்களிடம் கேளுங்கள்.

சரி, உங்கள் பேச்சுக்கே வருகிறேன். முதல் கூட்டத்தில் சிலப்பதிகார வரியையும் பட்டினப்பாலை வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதற்குப் பிறகு கிரோனன். ஐரோப்பியர் வந்து இறங்கும்போது அமெரிக்கா தொடப்படாத காடாக இருந்தது என்ற நம்பிக்கையை 1983-லேயே உடைத்தவர் அவர். பூர்வகுடிகள் ஆண்டுதோறும் நெருப்பு வைத்து, அடிக்காட்டைச் சுத்தம் செய்து, மான் மேய்வதற்கு ஏற்ற காட்டை அவர்களே உண்டாக்கி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் அதைக் கடவுள் படைத்த பூங்கா என்று நினைத்தார்கள். நம் பட்டினப்பாலைக்கு அது நல்ல ஜோடி.

நாகலூர்

இந்த இழையை ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏற்காடு மலைக்காரன். மலையாளி பழங்குடி. கேரளத்து மலையாளி இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, இங்கேயும் சொல்லி வைக்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்தார்கள், பெரியவர் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது எங்கள் வழிக்கதை.

அந்தக் காட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அண்ணன் கேட்டார். நாங்கள் எங்கேயும் போகவில்லை. புத்தகத்தில்தான் வேறு வேறு அத்தியாயத்துக்குப் போய்விட்டோம். ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெஜட்டியர், அதாவது அரசாங்க விவரத் தொகுப்பு, 1918. எடுத்துப் பாருங்கள். மக்கள் என்ற அத்தியாயத்தில் எங்கள் கல்யாணம், சாமி, உடுப்பு எல்லாம் இருக்கும். காடு என்பது தனி அத்தியாயம். அங்கே மரம் இருக்கும், எல்லை இருக்கும், வருமானம் இருக்கும், நாங்கள் இருந்தால் குற்றவாளியாக இருப்போம். நில வரி இன்னொரு அத்தியாயம், அதில் பட்டா. ஒரே ஆளை மூன்று துண்டாக வெட்டி வைத்தால் அவன் அந்த மலையை எப்படி வைத்திருந்தான் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் தாத்தா காலத்தில் சரிவில் ஏர் ஓட்டாமல் கொத்தித்தான் வெள்ளாமை. சாமை, கேழ்வரகு. கொஞ்ச காலம் போட்டுவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டு, வேறு இடம் போவார்கள். இதைக் காட்டை அழிக்கிற பழக்கம் என்று எழுதினார்கள். சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெக்ஹார்ன், 1856-இல் பதவிக்கு வந்தவர், இந்த மாதிரி மாற்றிட வேளாண்மைக்குத் தடை கேட்டவர்களில் முக்கியமானவர். 1861-இல் அவர் எழுதிய புத்தகம் இணையத்தில் கிடைக்கிறது. அதே புத்தகத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்ற பேச்சும் இருக்கிறது. 1860-களின் தொடக்கத்தில் சேலத்துக்கு ரயில் வந்துவிட்டது. கட்டைக்கும் மரம், எஞ்சினுக்கும் விறகு. 1882-இல் மாகாண வனச் சட்டம். அதன் பிறகு எங்கள் ஆட்கள் சொந்த மலையில் விறகு பொறுக்கினாலும் வழக்கு. இதில் யார் காட்டை அழித்தது என்று வாசிப்பு வட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

புத்தகம் என்றால், வேலாயுதம் சரவணன் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) கம்பெனி கைக்கு வந்த 1792-இல் தொடங்கி 1947 வரை, காலனி ஆட்சி, சூழல், பழங்குடிகள் மூன்றையும் சேர்த்துப் பேசுகிற ஆராய்ச்சி. நடை வறட்சியாக இருக்கும், அட்டவணை நிறைய. பரவாயில்லை, படியுங்கள். காட்கில், குஹா புத்தகம் நாட்டுக்கே பொதுவாகச் சொல்வதை இங்கே வைத்துச் சரிபார்க்க இதுதான் உதவும்.

எஸ்டேட் ரைட்டர்

நாகலூர்த் தம்பி சொன்னது முழுக்கச் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். நான் மலைமேல் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புத்தகம் அதிகம் படித்தவன் இல்லை. மரம் தெரியும்.

கிராஸ்பி புத்தகத்தை என் பேரன் சொல்லக் கேட்டேன். வெள்ளைக்காரன் போன இடத்துக்கெல்லாம் அவனுடைய களையும் பன்றியும் நோயும் கூடப் போய் அந்த நாட்டையே இன்னொரு ஐரோப்பாவாக ஆக்கிவிட்டன என்பது அவர் வாதமாம். ஆஸ்திரேலியாவுக்கு, அமெரிக்காவுக்குப் பொருந்தும். ஏற்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே அவர்கள் ஜனமாக வந்து குடியேறவில்லை. ஆனால் மலையின் உடம்பை மாற்றிவிட்டார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியும் பேரிக்காயும் கொண்டுவந்தார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். காப்பி எத்தியோப்பியாவின் செடி. அதற்கு நிழல் கொடுக்க நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அதில் ஏறும் மிளகு மட்டும்தான் நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சொத்து. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் இரண்டு பக்கமும் மண்டியிருக்கும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. சுற்றுலா வருகிறவர் வண்டியை நிறுத்தி “என்ன இயற்கை!” என்று படம் எடுப்பார்.

சில்வர் ஓக் ஏன் வந்தது என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. நேராக வளரும், சீக்கிரம் வளரும், மிளகுக்கொடி தொற்ற வசதி, கவாத்து செய்தால் தாங்கும், காசு தேவைப்பட்டால் வெட்டி விற்கலாம். நாட்டு மரம் அப்படி இல்லை. ஈட்டி மரத்துக்கு 1994-இல் தனிப் பாதுகாப்புச் சட்டமே போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தன் நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட இத்தனை மனு போட வேண்டியிருந்ததால், ஈட்டி தானாக முளைத்தால்கூட அதை முழங்கால் உயரத்திலேயே பிடுங்கிப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈட்டிக்கு அடியில் இலை மக்கினால் மண் கறுப்பாக, ஈரமாக இருக்கும். கையை விட்டால் விரல் மூட்டு வரை இறங்கும். சில்வர் ஓக் இலை அவ்வளவு லேசில் மக்காது, கோடையில் நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். பத்துப் பதினைந்து வகை மரம் நின்ற நிழலை ஒரே மரமாக ஆக்கியது வெள்ளைக்காரன் மட்டும் இல்லை, சுதந்திரத்துக்குப் பிறகு நாங்களும்தான்.

கருப்பூர் வெள்ளைக்கல்

ஐயா, இப்படி எழுதுகிற நீங்கள் புத்தகம் படிக்கவில்லை என்கிறீர்கள்! ஈட்டி விஷயம் காட்கில், குஹா வாதத்துக்கு நேர் உதாரணம். சட்டம் போட்டவர் ஒரு இடத்தில், மரத்தோடு வாழ்கிறவர் ஒரு இடத்தில்.

எங்கள் பக்கத்து மேக்னசைட் சுரங்கங்களையும் யாராவது எழுத வேண்டும். ரயிலில் வரும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரியும் மேடுகள்தான். உலைகளின் உள்பக்கம் பூசும் சூடு தாங்கும் செங்கலுக்கு இந்தக் கல்தான் மூலம். ஊரே அதை நம்பிப் பிழைத்தது, ஊரே அந்தத் தூசியையும் சாப்பிட்டது. நான் எழுதிப் பார்க்கிறேன், தனி இழை தொடங்குகிறேன்.

மேட்டூர்க்காரி

மலை உச்சிச் செம்மண் கதையை விட்டுவிட்டீர்களே! சேர்வராயனின் உச்சிச் சமதளங்களில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் 1960-களில் வந்த அலுமினிய ஆலைக்கு அங்கிருந்துதான் லாரியில் வந்தது. ஆலை ஏன் மேட்டூரில்? அணை. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை, 120 அடி, 93.47 டி.எம்.சி. பாசனத்துக்கு என்று கட்டியது மின்சாரமும் கொடுத்தது. அலுமினியம் மின்சாரத்தைக் குடிக்கிற உலோகம். ஏறக்குறைய நாலு டன் பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தால் இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம், அந்த ஒரு டன்னுக்கு 14,000 யூனிட் அளவுக்கு மின்சாரம். மிச்சம் காரம் ஏறிய செஞ்சேறு, அதைக் கொட்ட இடம் வேண்டும். ஏற்காட்டு மலை உச்சி, காவிரி நீர், எங்கள் ஊர்க் காற்று மூன்றும் ஒரே கணக்கில் சேர்ந்தவை.

இதற்குச் சரியான புத்தகம் ஃபெலிக்ஸ் பேடலும் சமரேந்திர தாஸும் 2010-இல் எழுதிய ‘அவுட் ஆஃப் திஸ் எர்த்’. ஒடிசா மலைகளைப் பற்றியது. பாக்சைட் மூடிய உச்சி மழை நீரைப் பிடித்து வைத்து ஊற்றாக விடுகிறது, அதை வழித்தெடுத்தால் கீழே ஓடை வற்றும் என்று அங்குள்ள கோந்த் பழங்குடி மக்கள் சொல்வதை எழுதியிருக்கிறார்கள். ஏற்காட்டு ஆட்கள் படித்துவிட்டு உங்கள் பக்கத்தில் எப்படி என்று சொல்ல வேண்டும்.

அணைக்காகப் போன ஊர்களைப் பற்றியும் ஒரு வரி. கோடையில் நீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். டிவிக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போவார்கள். நந்தி எத்தனை அடியில் தெரியும் என்று சொல்கிறார்கள், அந்த ஊர்க்காரர்களுக்கு நிலம் எங்கே கொடுத்தார்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நாகலூர்

அக்கா, ஓடை வற்றியதா என்று கேட்டால் வற்றியது. சுரங்கத்தாலா, தோட்டங்களிலும் விடுதிகளிலும் போட்ட போர்வெல்லாலா, மழை குறைந்ததாலா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒடிசாவில் சொல்கிறார்கள் என்பதற்காக இங்கேயும் அதேதான் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே அளந்தவர்கள் யாராவது இருந்தால் அந்தத் தாள்தான் எனக்கு வேண்டும்.

அழகாபுரம் வாசகர்

பட்டியலைக் கிழித்துப் போட்டாயிற்று, நன்றி! ரெண்டு சந்தேகம். தமிழில் மட்டும் படிக்கிறவர்களுக்கு என்ன கொடுப்பது? நாவலை வரலாறாகப் படிக்கலாமா?

அம்மாபேட்டை ஆசிரியை

படிக்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. டாக்டர் பி.எச். டேனியல் 1969-இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கொடுத்திருக்கிறார். வால்பாறைத் தேயிலைக்காடு. டேனியல் அங்கே தோட்ட மருத்துவராக இருந்தவர், அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். காட்டை அழித்தார்கள் என்று நாம் ஒரு வரியில் சொல்வதற்கு எத்தனை பேர் காய்ச்சலில் செத்தார்கள் என்று அதைப் படித்தால் தெரியும். முருகவேளே எழுதிய ‘முகிலினி’ பவானி ஆற்றையும் செயற்கைப் பட்டு ஆலையையும் வைத்து எழுதிய நாவல். மேட்டூர்க்காரி அதை அவசியம் படிக்க வேண்டும். ஜப்பானிய விவசாயி ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ வரலாறு இல்லை, ஆனால் தமிழ்நாட்டில் இயற்கை விவசாயம் பேசத் தொடங்கியதன் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. கட்டுரைகளுக்குத் தியடோர் பாஸ்கரன். ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’, ‘தாமரை பூத்த தடாகம்’. சூழலியலைச் சுத்தமான தமிழில், ஆரவாரம் இல்லாமல் எழுதத் தெரிந்தவர்.

செவ்வாய்பேட்டைக்காரன்

கார்சனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 1962 புத்தகம், டி.டி.டி. பூச்சிக்கொல்லி பற்றியது, எல்லோரும் பாராட்டுவோம், பக்கத்தைத் திருப்புவோம். பட்டியலில் கடைசியில் வையுங்கள். கோஷை அதற்கும் பின்னால் வையுங்கள். இலக்கியம் ஏன் பருவநிலை மாற்றத்தைப் பேசவில்லை என்று கேட்பவர், முருகவேள் மாதிரி ஆட்களைத் தமிழில் படிக்க வாய்ப்பில்லாதவர்.

புதிய உறுப்பினர்

எல்லோரும் பழங்கதை பேசுகிறீர்கள். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 277 கிலோமீட்டர், விளைநிலம், மலை, ஏரி எல்லாம்...

நெறியாளர்

எட்டுவழிச் சாலைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகலாம். இங்கே புத்தகம் மட்டும்.

தாரமங்கலத்தான்

நெறியாளருக்கு ஒரு வார்த்தை. 2018-இல் நிலம் எடுக்க அளந்து கல் நட்டது, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தீர்ப்புச் சொன்னது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. கிணற்றடியில் கல் நட்டபோது பெண்கள் என்ன பேசினார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஹீத் மரம் வெட்டியபோது நாட்டு உலைக்காரர் என்ன பேசினார் என்பது நமக்கு இன்று கிடைக்காதது அதனால்தான். நமக்கு நடந்ததையாவது இப்போதே எழுதிவைக்கலாம். இவ்வளவுதான், தனி இழைக்குப் போகிறேன்.

அழகாபுரம் வாசகர்

முதல் மூன்று மாதம் முடிவாயிற்று. முதலில் சிலப்பதிகாரம், பட்டினப்பாலை வரிகளோடு கிரோனன். ரெண்டாவது டேவிஸில் சென்னை மாகாணப் பகுதி. மூன்றாவது கெஜட்டியரின் காடு அத்தியாயமும் சரவணன் புத்தகமும். கெஜட்டியர் எங்கே கிடைக்கும்?

கருப்பூர் வெள்ளைக்கல்

இன்டர்நெட் ஆர்க்கைவில் வருடி வைத்திருக்கிறார்கள், இலவசம். அதற்கு முந்தைய லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேட்டையும், 1883, எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சம் முடிந்த சூட்டில் எழுதியது.

நாகலூர்

மூன்றாவது கூட்டத்தை எங்கள் மலைமேலே வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்தில் வரும் எல்லைக் கற்கள் சிலது இன்னும் நிற்கின்றன, நடந்தே பார்க்கலாம். பேச எங்கள் பெரியவர்கள் ரெண்டு பேரைக் கேட்டு வைக்கிறேன்.

எஸ்டேட் ரைட்டர்

தையில் வேண்டாம் தம்பி, பழம் பறிப்பு, ஆள் யாரும் ஓயமாட்டார்கள். மே மாதமும் வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது. மாசிக் கடைசியில் வரச் சொல்லுங்கள். ஈட்டி மரம் நாலு நான் காட்டுகிறேன்.